தென்கரைக் கோடு

எட்டாம் வகுப்பில் உருவரைப்படம் வரைந்த நாட்கள் இந்த மலரை வாசிக்கும் பலருக்கு ஞாபகம் இருக்கும். எண்ணெய் தடவிய தாளை அட்லஸின் மேல் வைத்து அவுஸ்திரேலியாவைப் பிரதிபண்ணும்போது, "தென்கரையில் பென்சிலை மெதுவாக விடு, அந்தக் கோடு பாய்மரத்தில் ஏறி நின்று வரைந்த கோடு" என்பார் எங்கள் புவியியல் ஆசிரியர். ஏறி நின்றவர் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி மத்தியூ பிளிண்டர்ஸ். அதே கரையில், அடிலெய்டிலும் மெல்பேர்ணிலும், இன்று நம் சங்கத்தார் குடியிருப்பதால் அந்தப் பாடத்தைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

ஒல்லாந்தர் 1606 முதல் வடக்கு, மேற்குக் கரைகளைக் குறித்து வந்தார்கள். 1627 இல் தென்கரையின் மேற்குப் பகுதியும், 1770 இல் குக்கின் கையால் கிழக்குக் கரையும் படத்தில் ஏறின. தென்கரையின் நடுப்பகுதி வெறுமையாகவே கிடந்தது. 1801 டிசெம்பர் 6 அன்று 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலிலிருந்து தென்மேற்கு மூலையிலுள்ள லூவின் முனையைக் கண்டபோது பிளிண்டர்ஸுக்கு வயது 27.

அவர் செய்தது ஓட்ட அளவை. ஓரிடத்தில் நின்று இரண்டு மூன்று முனைகளுக்குத் திசைகாட்டியால் கோணம் எடுப்பார்கள். பிறகு கப்பலை ஓட்டி, முடிச்சுக் கயிற்றைக் கடலில் விட்டு ஓடிய தூரத்தை அளந்து, அதே முனைகளுக்கு மறுபடியும் கோணம் எடுப்பார்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே முனை. இடையிலுள்ள கரையைக் கண்ணால் பார்த்து வரைய வேண்டும். அதற்காகக் கரையில் அலை உடைவது தெரியும் அளவு நெருங்கி ஓடினார். முடியாதபோது பெரும்பாலும் தானே தொலைநோக்கியோடு பாய்மரத்தில் ஏறினார். இரவில் கடலுக்குள் விலகி, விடிந்ததும் முதல்நாள் விட்ட இடத்துக்கே திரும்பினார். அன்றைய படத்தை முடிக்காமல் படுப்பதில்லை என்பது அவர் வைத்திருந்த வழக்கம். ஆழத்துக்கு ஈயக்குண்டு. அதன் அடிக்குழியில் கொழுப்பைத் தடவினால் அடிமணலோ சிப்பியோ ஒட்டி வரும், நங்கூரம் பிடிக்குமா என்று தெரிந்துவிடும். நம் கடலோடிகள் பாகம் என்று அளப்பதைப் போலவே அவர்களும் 6 அடியை ஓர் அலகாக எடுத்தார்கள்.

நீரோட்டம் கப்பலைத் தள்ளினால் அளந்த தூரம் பொய்த்து, கரை முழுவதும் நகர்ந்துவிடும். ஆகவே நண்பகல் சூரியனின் உயரத்தால் அகலாங்கையும், காலமானி என்ற துல்லியமான கப்பல் கடிகாரத்தால் நெட்டாங்கையும் சரிபார்த்தார்கள். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். ஆகவே கடிகாரம் 4 விநாடி பிசகினால், தெற்கு 35 பாகையில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் தவறும். ஒவ்வொரு காலமானியும் நாளுக்கு எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்பதை அறியக் கரையில் பல நாள் தங்கி வானை நோக்க வேண்டும். ஒருநாள் சாவி கொடுக்க மறந்தால் அந்த உழைப்பு வீண். ஏர்ன்ஷோ என்ற கடிகாரக்காரர் செய்து, அவர் கொண்டுபோன காலமானிகளில் 520 ஆம் இலக்கம் சிட்னி பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு திசைகாட்டியில். கப்பலின் முன்புறமான அணியம் வடக்கையோ தெற்கையோ பார்த்தால் பிழை இல்லை. கிழக்கையோ மேற்கையோ பார்த்தால் பிழை கூடுகிறது. காரணம் கப்பலிலிருந்த இரும்பு. அதை ஈடுசெய்யத் திசைகாட்டியின் அருகே பின்னாளில் நிறுத்திய மெல்லிரும்புத் தண்டுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

இவ்வளவு கவனத்தையும் மீறி ஓர் ஆறு தப்பியது. 1802 ஏப்ரல் 8 அன்று எதிரே வந்த பிரெஞ்சுக் கப்பல் தலைவர் போதானைப் பிளிண்டர்ஸ் சந்தித்த குடாவிலேதான் மரே ஆறு கடலில் சேர்கிறது. தாழ்ந்த மணல்மேடுகளுக்கிடையே குறுகிய வாய், முன்னால் அலைநுரை. இருவருமே காணவில்லை. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த ஙரிஞ்செரி மக்களுக்கு அது தெரிந்த வாய்தான்.

படத்தில் ஆறு இல்லாததால், மேற்கே ஓடும் ஆறுகள் எல்லாம் உள்நாட்டுக் கடலில் விழுகின்றன என்ற நம்பிக்கை வளர்ந்தது. 1830 இல் சார்ள்ஸ் ஸ்டேர்ட் என்ற ஆய்வுப்பயணி மரம்பிட்ஜி ஆற்றில் படகு விட்டு, மரே வழியாக அலெக்சாந்திரினா ஏரியை அடைந்தார். முகத்துவாரம் மணலடைத்து ஆழமற்றிருந்ததால் கப்பல் வர வழியில்லை. ஆட்கள் அவ்வளவு தூரமும் எதிர்நீரில் துடுப்பு வலித்துத் திரும்பினார்கள். அப்படியும் உள்நாட்டுக் கடல் உண்டென்ற ஸ்டேர்ட்டின் நம்பிக்கை கலையவில்லை. 1844 இல் அடிலெய்டிலிருந்து பாலைக்குள் ஒரு படகையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கிடைத்தது ஒரு நீர்க்குழி. வெளியே எங்கும் வறட்சி. அதனருகில் 6 மாதம் அடைபட்டிருந்தார்கள். பச்சைக் காய்கறி இல்லாமல் ஸ்கேவி நோய் கண்டு துணைத்தலைவர் ஜேம்ஸ் பூல் இறந்தார்.

மரே ஆற்றின் வாயில் மணல் சேர்வது இன்றும் நிற்கவில்லை. மேலே பாசனத்துக்கு நீரை எடுப்பதால் ஆற்றின் தள்ளுவிசை குறைந்துவிட்டது. 2002 இல் தூர்வாரும் இயந்திரங்களை அங்கே கொண்டுவந்து ஆண்டுக்கணக்கில் மணல் அள்ள வேண்டியிருந்தது.