பச்சை வாந்தி

"வயிறு மெத்துனுதானே இருக்கு நர்சம்மா, உரம் விழுந்திருக்கும். இதுக்குப் போயி சேலமா?" பச்சையாக வாந்தி எடுத்த, பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத பேரனைப் பென்னாகரம் பக்கத்திலிருந்து தூக்கிவந்த பாட்டி கேட்டது. குழந்தையைத் தூக்கும்போது பிசகி விழும் சுளுக்கைத்தான் உரம் என்பார்கள். "மெத்துனு இருக்கும்போதே போயிடணும் பாட்டி" என்றேன். சரியான பதில்தான். ஆனாலும் மனசு அதையே சுற்றுகிறது.

நான் பயந்தது குடல் முறுக்குக்கு. குடல் முறுக்கினால் வயிறு உப்பும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பச்சைக்குழந்தைக்கு அடைப்பு முன்சிறுகுடலில், மேலேயே விழுவதால் ஆரம்பத்தில் வயிறு தட்டையாகவே இருக்கும். மலம் போயிருக்கலாம். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். முதலில் காட்டிக்கொடுப்பது வாந்தியின் நிறம். பித்தம் இரைப்பையைத் தாண்டித்தான் குடலில் கலக்கிறது; அதற்குக் கீழே அடைபட்டால் பச்சையாக வாய்வழி வரும். வெறுமனே கக்கும் பால் வெள்ளையாகவோ திரிந்தோ இருக்கும். சீம்பால் மஞ்சளாகவும் வரும். அதனால் நிறத்தை வாயால் கேட்டால் போதாது, துணியை வாங்கிப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். பாட்டி கொடுத்த வேட்டித்துண்டில் ஓரம் காய்ந்து, நடுவில் பாசி நிறத்தில் ஈரம்.

வயிறு உப்பி, மலத்தில் ரத்தம் வந்து, குழந்தை வெளுத்துத் துவளும்போது குடல் அழுக ஆரம்பித்திருக்கும். பிறவியிலேயே குடல் சரியாகத் திரும்பி அமையாத குழந்தைக்கு, சிறுகுடலைத் தாங்கும் காம்பு குறுகலாக இருக்கும். அது சுழன்றால் உள்ளே ஓடும் ரத்தக்குழாயும் நெரிபடும். கையில் இருப்பது சில மணி நேரம்தான். உரம் எடுக்கிறேன் என்று துணியில் போட்டு உருட்டுவதில் கரைவது அந்த நேரம். சீக்கிரம் போனால் முறுக்கை இடஞ்சுழியாகப் பிரித்து, குறுக்கே கிடக்கும் பட்டைகளை வெட்டி, காம்பை அகலப்படுத்திவிடுவார்கள்.

பாலை நிறுத்தி, இரைப்பைக்குள் போகும் ரைல்ஸ் ட்யூப் போட்டு அதன் வெளிமுனையைத் திறந்துவிட்டு, டிரிப் ஏற்றி, கதகதப்பாகச் சுற்றி, அந்தத் துணியையும் கூடவே கொடுத்து 108-ல் ஏற்றினோம். தொப்பூர் கணவாயில் லாரி நெரிசல் இருந்தால் என்ன செய்வது என்ற பயம் வேறு.

சேலத்தில், குடலைக் காட்டும் மருந்து கொடுத்து எடுத்த படத்தில் முறுக்கு இல்லை. "அப்பவே சொன்னேன், உரந்தான்னு" என்றாராம் பாட்டி.

பச்சையாகக் கக்கும் பல குழந்தைகளுக்கு முறுக்கு இருக்காது. ஆனால் வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை. அனுப்பியது தப்பென்று இன்றும் நினைக்கவில்லை. உறுத்துவது, அவர் வீட்டில் அடுத்த குழந்தை பச்சையாகக் கக்கினால் முதலில் எங்கே போவார் என்பதுதான். "ஒன்றும் இல்லாமலும் போகலாம்" என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்று வண்டி ஏறியிருப்பாரா?