வால்டாக்ஸ் சாலை நடைபாதையிலிருந்து சிகிச்சை வார்டு வரை

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய வால்டாக்ஸ் சாலையில், கடைகள் சாத்தியபின் நடைபாதையில் படுத்திருப்பவர்களைப் பார்க்க எங்கள் தன்னார்வக் குழு போகும். பலரும் மூட்டை தூக்குபவர்கள், கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்கள். சிலரைக் குடி தெருவுக்குக் கொண்டுவந்தது. சிலர் தெருவுக்கு வந்தபின், கொசுவுக்கும் திருட்டுப் பயத்துக்கும் நடுவே கொஞ்சம் தூங்குவதற்காகவே குடிக்கத் தொடங்கியவர்கள்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஐம்பது தாண்டிய அண்ணன் ஒருவரைச் சிகிச்சைக்குச் சேர்த்ததைச் சொல்கிறேன். வெகுநாள் வரை டீ, பேச்சு, அவர் கால் புண்ணுக்குக் கட்டு, அவ்வளவுதான். "குடியை விடுங்க" என்று எங்கள் குழுவில் யாரும் சொல்ல மாட்டோம். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்குப் பின் சித்தப்பிரமை வரலாம். உயிரே போகலாம். நம் பேச்சைக் கேட்டு ஒருவர் ரோஷமாக, தனியாக, நடைபாதையிலேயே நிறுத்திவிடக் கூடாது. அதனால், "விடணும்னு தோணுச்சுன்னா முதல்ல எங்ககிட்ட சொல்லுங்க, அதுவரைக்கும் சோறு சாப்பிடாம மட்டும் இருக்காதீங்க" என்போம்.

ஒருநாள் அவரே சொன்னார்: "தம்பி, காலையில கை நடுங்குது, மூட்டையப் பிடிக்க முடியல. எங்கயாவது சேர்த்துவிடுப்பா." கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்று எங்கள் குழுவில் இருக்கும் செவிலியர் அக்கா கேட்டுக் குறித்துக்கொண்டார். மறுநாள் காலையிலேயே கிளம்பினோம்.

மருத்துவமனையில் முதல் கேள்வி, "கூட சொந்தக்காரங்க யார்?" அடுத்தது ஆதார். இரண்டும் இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநலச் சிக்கல்களையும் தன் வரம்பில் சேர்த்திருக்கிறது. வயது வந்தவர் தானே கேட்டுச் சேரலாம் என்கிறது 86-ஆவது பிரிவு. வீடில்லாதவர்களுக்கு அரசு நிலையங்களில் இந்தச் சிகிச்சை இலவசம் என்கிறது 18-ஆவது பிரிவு. இரண்டையும் அச்செடுத்துப் போயிருந்தோம். கவுன்டரில் வாக்குவாதம் செய்யாமல், பணியில் இருந்த மருத்துவரிடம் நேராகக் காட்டினோம். அவர் படித்துவிட்டுப் பரிசோதனைக்கு அழைத்தார்.

அதற்குள் மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. டாஸ்மாக் திறக்கும் நேரம். அவருக்கு வேர்த்துக் கொட்டியது, பெஞ்சில் உட்கார முடியவில்லை. மருத்துவமனை வாசல் வரை வந்து திரும்பிப் போகிறவர்களை "மனசு மாறிட்டான்" என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும். வரிசையில் காத்திருக்க உடம்பு இடம் கொடுப்பதில்லை, அதுதான் காரணம். எங்களில் ஒருவர் அவர் கையைப் பிடித்தபடி கூடவே இருந்தார், இன்னொருவர் ஓ.பி. சீட்டோடு அலைந்தார். தனி ஆளாகப் போயிருந்தால் நடந்திருக்காது.

வார்டில் பி1 வைட்டமின் ஊசி, நடுக்கத்தை அடக்கிப் படிப்படியாகக் குறைக்கும் மாத்திரை, நேரத்துக்குச் சாப்பாடு. அந்தக் கட்டம் நல்லபடியாகவே போனது.

அப்புறம் எங்கே போவது? பழைய நடைபாதைக்கே திரும்பினால் பட்ட பாடெல்லாம் வீண். பெருநகரங்களில் வீடில்லாதவர்கள் தங்க, லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. சென்னையில் மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றன, தங்கக் கட்டணம் இல்லை. அவர் வார்டில் இருக்கும்போதே ஒன்றில் இடம் பேசி வைத்தோம். கூலி கைக்கு வந்த ஒரு சாயங்காலம் மறுபடி குடித்துவிட்டார். காப்பகப் பொறுப்பாளர் வெளியே அனுப்பாமல் எங்களைக் கூப்பிட்டார். அந்த ஒரு போன்தான் அவரைக் காப்பாற்றியது. இப்போது அவரே கேட்டுக்கொண்டபடி கூலியைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவைக்கிறார். சாயங்காலங்களில், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையிருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறார்.

உங்கள் ஊரில் இதில் இறங்க நினைத்தால், மருத்துவமனையை விசாரிக்கும் முன்பே எந்தக் காப்பகத்தில் இடம் கிடைக்கும், குடித்துவிட்டு வந்தால் அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டு வையுங்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. வலிப்பு வந்தால் யோசிக்காமல் 108.