இஸ்திரி வண்டி வரை

12 செப்டம்பர் 2019

மகள் கிளம்பிவிட்டாள். கூகுள் கிளிப்ஸ் என்ற அந்தச் சதுரக் கேமராவையும், அதனோடு இணைவதற்காகத் தன் பழைய பிக்சல் கைபேசியையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அது தானே பார்க்கும், தானே தேர்ந்தெடுக்கும், சில நொடிகளே ஓடும் ஒலியில்லாத துண்டுகளாக எடுத்துவைக்கும், நான் எதையும் தொடவேண்டியதில்லை என்று மூன்று முறை சொன்னாள். உடம்பில் மாட்டிக்கொள்ள அது செய்யப்படவில்லை, எங்காவது நிறுத்தி வைப்பதற்குத்தான் என்பதையும் சொன்னாள். எனக்கோ, நினைவு நழுவிக்கொண்டிருக்கும் என் மனைவிக்கு மாட்டுவதற்குத்தான் வேண்டும்.

13 செப்டம்பர்

அவளுடைய தோளில் ஊக்கு குத்திய சேலை மடிப்பில் மாட்டிவிட்டு, பால் பூத் வரை போய்த் திரும்பினோம். நாற்பது நிமிட நடைக்கு இரண்டே துண்டுகள் தேறின. இரண்டிலும் நான்தான் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

14 செப்டம்பர்

"ஏனுங்க, சாப்பிட்டாச்சுங்களா?" இன்று ஏழு முறை.

18 செப்டம்பர்

மகள் அனுப்பிய ஆய்வுக் கட்டுரையை அகராதியை அருகில் வைத்துக்கொண்டு படித்து முடித்தேன். 2007இல் வெளியானது. மூளை அழற்சிக்குப் பின் நினைவாற்றலை இழந்த 63 வயதுப் பெண்மணி ஒருவரைத் திருமதி பி. என்று மட்டும் குறிப்பிடுகிறார்கள். கேம்பிரிட்ஜில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் உருவாக்கிய சென்ஸ்கேம் என்ற கருவியை அவர் அணிந்திருக்கிறார். அது எடுத்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தபின் அண்மை நிகழ்வுகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அவரால் சொல்ல முடிந்திருக்கிறது. படங்களைப் பார்ப்பதை நிறுத்தி மூன்று மாதங்கள் ஆன பிறகும், அதாவது பதினோராவது மாதத்திலும், அது அழியவில்லை. எழுதிவைத்த நாட்குறிப்பைப் படித்துக் காட்டியபோது 49 விழுக்காடு. ஒரு மாதம் படிக்காமல் விட்டதும் ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு நோயாளியை வைத்துச் செய்த தொடக்கநிலை ஆய்வு என்று அவர்களே அடக்கமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனாலும் இந்தக் குறிப்பை எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு அந்த ஒன்றுமில்லை கொஞ்சம் உறைத்தது.

19 செப்டம்பர்

தூக்கம் வரவில்லை. சென்ஸ்கேமுக்கு அறிவு என்று எதுவும் கிடையாது. வெளிச்சம் மாறினால், உடம்பு அசைந்தால், எதிரே ஓர் ஆளின் வெப்பம் தட்டினால், இவை எதுவும் இல்லாவிட்டாலும் அரை நிமிடத்துக்கு ஒரு முறை, நல்லது கெட்டது பார்க்காமல் படம் எடுத்துத் தள்ளிவிடும். மேசைமேல் இருக்கும் இந்தக் கருவியோ தொழில்முறைப் புகைப்படக்காரர்களின் தேர்வைப் பார்த்துப் பழக்கப்பட்டது. தெளிவான முகம், அடிக்கடி பார்த்த முகம், குழந்தை, நாய், பூனை என்றால் வைத்துக்கொள்கிறது. ஆடினாலும் மங்கினாலும் கழித்துவிடுகிறது. நடப்பது என்றாலே ஆடுவதுதானே. அவளுடைய ஒரு நாளில் எனக்கு வேண்டியது கேட்டுக்கும் புளியமரத்துக்கும் இடையிலுள்ள, யாரும் ஆல்பத்தில் ஒட்டாத அந்த வெற்றுத் தெருதான். அதைத்தான் இது குப்பை என்று முடிவு செய்கிறது.

22 செப்டம்பர்

வேலைக்கு வரும் அம்மா இன்று துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டார். "அந்த வெள்ள லைட்டு மினுங்குனா என்னயப் புடிக்குதுன்னு அர்த்தங்களா?" என்று கேட்டார். படம் இந்தக் கருவிக்குள்ளேயேதான் இருக்கும், நான் கைபேசியில் எடுத்துச் சேமித்தால் ஒழிய வெளியே போகாது என்று விளக்கினேன். உள்ளே இருந்தாலும் அது தன் படம்தானே என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. இனி காலை எட்டிலிருந்து ஒன்பது வரை அணைத்து வைப்பதென்று பேசி முடித்திருக்கிறோம்.

23 செப்டம்பர்

மின்கலம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. அவளும்தான்.

3 அக்டோபர்

எதிர்வீட்டுக் கொலுவுக்கு அழைத்துப் போனேன். அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். பிள்ளைகள் கேமராவின் முன் நின்று கூத்தடித்தன. கருவிக்கு இன்றுதான் தீபாவளி. பத்தொன்பது துண்டுகள், ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

4 அக்டோபர்

பத்தொன்பதையும் காட்டினேன். சிரித்த முகத்தோடு, மரியாதையாக, பிறர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கடைசியில், "நல்லா இருக்குதுங்க, நாம போகலீங்களா?" என்றாள். போனோம், நீதான் எடுத்தாய், எடுப்பவர் படத்தில் விழமாட்டார் என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம், அதன்பின் ஒவ்வொரு துண்டிலும் தன்னைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

6 அக்டோபர்

இதை நிதானமாக எழுத வேண்டும். மாலை நடையில் சிக்கிய ஒரே துண்டு: தெருமுனை இஸ்திரி வண்டி, அதன் அடியில் படுத்திருக்கும் நாய். நாய்க்காகத்தான் கருவி அதை எடுத்திருக்க வேண்டும், வண்டி தற்செயல். இரவு காட்டியபோது கைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இதுக்கப்பறம் தண்ணி லாரி வந்துச்சுங்க. நாம ஓரமா நின்னோம். உங்க வேட்டியில சேறு பட்டுச்சு" என்றாள். லாரி எந்தத் துண்டிலும் இல்லை. நான் அதைப் பற்றி அவளிடம் பேசவும் இல்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கறை போகவில்லை.

7 அக்டோபர்

ஆயுத பூஜை. மிக்சி, தையல் மிஷின், சைக்கிள் வரிசையில் அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன்.

9 அக்டோபர்

கருவியின் முகத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது; அழுத்தினால் அதன் ரசனையைக் கேட்காமல் எடுத்துக்கொள்கிறது. ஆகவே பக்கத்தில் நடந்துகொண்டே, அவள் நிற்கும் இடங்களிலெல்லாம் நான் கையை நீட்டி அழுத்துகிறேன். தானியங்கிக்கு ஓர் ஆள் போட்டாயிற்று. தெருவில் பார்ப்பவர்கள் என்ன நினைக்கிறார்களோ தெரியவில்லை. கேட், புளியமரம், டிரான்ஸ்பார்மர், இஸ்திரி வண்டி.

12 அக்டோபர்

டிரான்ஸ்பார்மர் படத்துக்கு ஒன்றும் வரவில்லை. புளியமரத்துக்கும் இல்லை. வண்டிக்கு லாரி மறுபடியும் வந்தது, சேறும் வந்தது.

17 அக்டோபர்

மகளின் செய்தி: இந்தக் கேமராவின் விற்பனையை நிறுத்திவிட்டார்களாம். செயலி இன்னும் சில காலம் வேலை செய்யுமாம். துண்டுகளையெல்லாம் கணினிக்கு மாற்றிவிடச் சொல்கிறாள். முதலில் அந்த ஒன்றை மாற்றினேன்.

19 அக்டோபர்

இன்று இஸ்திரி வண்டி வரவில்லை. அது வழக்கமாக நிற்கும் இடத்தில் தானாகவே நின்று, என் கையை எடுத்துப் பொத்தான்மேல் வைத்தாள்.