9-ஐ விட 10.4 சின்னது என்ற டேட்டாபேஸ்

மதுரையில் ஒரு சின்ன சர்க்கரை நோய் கிளினிக். ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்ஸ், அலமாரி நிறைய நோட்டு. "தம்பி, இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுங்க" என்றார். பெரிய வேலையாகத் தெரியவில்லை.

முதலில் எடுத்தது மோங்கோடிபி, டேபிள் இல்லாமல் ஒவ்வொரு பதிவையும் தனித்தனி டாக்குமென்டாக வைக்கிற டேட்டாபேஸ். காரணம் இருந்தது. பாதப் பரிசோதனைக்கு ஒரு ஃபார்ம், கண்ணுக்கு ஒன்று, கர்ப்பகாலச் சர்க்கரைக்கு வேறொன்று. எல்லாவற்றையும் ஒரே டேபிளில் அடைத்தால் இருநூறு காலம் (column) வரும், முக்கால்வாசி காலியாகக் கிடக்கும். ஒரு விசிட்டுக்கு ஒரு டாக்குமென்ட் என்றால் அந்தத் தலைவலி இல்லை. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1960களிலேயே உருவான மம்ப்ஸ் என்ற டேட்டாபேஸ் மொழி கூட கிளைகிளையாகச் சேமிக்கிற முறைதான், டேபிள் அல்ல என்று படித்திருந்தேன். அது வேறு எனக்குத் தைரியம் கொடுத்தது. இரண்டே வாரத்தில் நர்ஸ்கள் பதிய ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்றாம் மாதம் டாக்டரம்மா ஒன்று கேட்டார்: எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் டெஸ்ட்) 9-க்கு மேல் இருந்தும் மூன்று மாதமாக வராதவர்கள் யார் யார்? பட்டியல் எடுத்துக் கொடுத்தேன். ஒரு நிமிஷம் பார்த்தவர், "10.4 இருந்த அந்தப் பெரியவர் எங்கே?" என்றார்.

10, 11, 12 என்று இருந்த ஒருவருமே பட்டியலில் இல்லை. அதாவது, உடனே போன் போட வேண்டியவர்கள்தான் விடுபட்டிருந்தார்கள். மதிப்பை நான் எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைத்திருந்தேன். எழுத்தாக ஒப்பிட்டால் முதல் எழுத்து 1, அது 9-க்கு முன்னால் வருகிறது, கதை முடிந்தது. ஏன் எழுத்தாக வைத்தேன்? லேப் ரிப்போர்ட்டில் "9.2%", "14-க்கு மேல்" என்றெல்லாம் வரும். எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டேன். மோங்கோவிலும் விதி எழுதிக் கட்டுப்படுத்த முடியும், நான் எழுதவில்லை. பழியை அதன் மேல் போட மாட்டேன்.

அன்று ராத்திரி தோண்டத் தோண்ட இன்னொன்று கிடைத்தது. சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருந்தபோது டெஸ்ட் எடுத்த அம்மா ஒருவர். வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.8. அங்கே மில்லிமோல் கணக்கு, 18-ஆல் பெருக்கினால் நம்மூர் மில்லிகிராம் கணக்கில் 140. அலகு எழுதவே என் ஃபார்மில் இடம் இல்லை.

அடுத்து ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற இலவச மருத்துவப் பதிவு மென்பொருளைப் பிரித்துப் பார்த்தேன். அதில் ஒவ்வொரு கண்டுபிடிப்பும் ஒரு வரிசை. எண்ணுக்கு, எழுத்துக்கு, தேதிக்குத் தனித்தனி காலம். யோசனை பிடித்தது. ஆனால் பாத ஃபார்மையும் அப்படி உடைத்துப் போட்டால், ஒரு விசிட்டைத் திரையில் காட்டவே டேபிள்களை இணைக்கிற ஜாயின் ஒரு பக்கத்துக்கு எழுத வேண்டியிருந்தது. என்னைப் போல ஒற்றை ஆளுக்கு அது கட்டுப்படியாகாது.

கடைசியில் டேபிள் வகை டேட்டாபேஸான போஸ்ட்கிரஸில் பாதி டேபிள், பாதி டாக்குமென்ட். நோயாளி, விசிட், லேப் ரிசல்ட் மூன்றும் கறாரான டேபிள்கள். ரிசல்ட்டில் எண் தனி, அலகு தனி, "மேல், கீழ்" குறி தனி, ரிப்போர்ட்டில் இருந்த வாசகம் அப்படியே தனி. எண் காலத்தில் "9.2%" போட்டால் வாங்காது. டெஸ்டின் பெயரை ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் அடிப்பதால் லாயின்க் என்ற, லேப் டெஸ்ட்களுக்கான உலகப் பொதுக் குறியீடு வைத்தேன், எச்பிஏ1சிக்கு 4548-4. அடிக்கடி மாறுகிற ஃபார்ம்கள் மட்டும் ஜேசன்பி காலத்தில், அதாவது ஒரு முழு டாக்குமென்டையே ஒரே காலத்தில் வைக்கிற வகை. போஸ்ட்கிரஸில் 2014-லிருந்தே இந்த வசதி இருக்கிறது, முதலிலேயே பார்த்திருக்கலாம். ஃபார்மில் உள்ள ஏதாவது ஒன்றை வைத்து டாக்டரம்மா பட்டியல் கேட்க ஆரம்பித்தால், அதை வெளியே எடுத்துத் தனிக் காலமாக்கிவிடுவேன். பழைய ரிசல்ட்டைத் திருத்தினால் அழிப்பதில்லை, யார் எப்போது திருத்தினார் என்ற குறிப்போடு புது வரிசை. காலின் புண் போட்டோக்கள் ஃபோல்டரில், டேபிளில் பாதை மட்டும்.

பழைய தரவை மாற்றியதுதான் பெரும் பாடு. ஸ்கிரிப்ட் நழுவவிட்ட முந்நூறு சொச்சம் ரிசல்ட்டை மூத்த நர்ஸ் அக்காவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் "நார்மல்", "மிஷின் ரிப்பேர்", ஒன்றில் "சாப்பிட்டுட்டு வந்துட்டார்". அதற்கெல்லாம் எண் காலம் காலி, வாசகம் மட்டும் அப்படியே. "அதை அழிச்சிராதீங்க தம்பி, அடுத்த தடவ அவர்கிட்ட கேக்கணும்" என்றார் அக்கா.