ஒளிரும் பாலிமர் படலம்

மின்கம்பிக்கு உறையிடும் பொருளாகவே பிளாஸ்டிக்கைப் பார்த்துப் பழகிவிட்டதால், அதே இனத்தைச் சேர்ந்த ஒரு படலம் மின்சாரம் பாய்ந்ததும் தானே ஒளிர்வது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

1990-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜெரமி பரோஸ், ரிச்சர்ட் ஃப்ரெண்ட் முதலான ஆய்வாளர்கள் பிபிவி (பாலி-பாரா-ஃபீனிலீன் வினிலீன்) என்ற பாலிமரிலிருந்து, அதாவது பிளாஸ்டிக்கைப் போல நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருளிலிருந்து, மஞ்சள் கலந்த பச்சை ஒளியை வரவழைத்தார்கள். பிபிவி கரைப்பான்களில் கரையாது. ஆகவே, கரையக்கூடிய முன்னோடிப் பாலிமரின் கரைசலைத் தகட்டில் ஊற்றி வேகமாகச் சுழற்றி, ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமனுக்குப் படலமாக்கி, பின்னர் சூடேற்றி அதைப் பிபிவியாக மாற்றினார்கள். இந்தச் சுற்றுவழிதான், என் பார்வையில், கண்டுபிடிப்பின் அழகான பகுதி.

ஒளி பிறக்கும் விதம் எளிது: ஒளி ஊடுருவும் நேர்மின்முனையிலிருந்து துளைகளும் (எலக்ட்ரான் இல்லாத, நேர்மின்னூட்டம்போல நகரும் வெற்றிடங்கள்), எதிரே உள்ள உலோக முனையிலிருந்து எலக்ட்ரான்களும் படலத்துக்குள் நுழைந்து ஒன்றையொன்று சந்திக்கையில், விடுபடும் ஆற்றல் ஒளியாகிறது. ஆயினும் எளிய கணக்கின்படி நான்கு சந்திப்புகளில் ஒன்றே ஒளிரும் நிலையை அடைகிறது. மற்ற மூன்றின் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய தொல்லை ஈரம். எலக்ட்ரான்களை எளிதாக விடும் கால்சியம் போன்ற உலோகங்கள் காற்றும் அதிலுள்ள ஈரமும் பட்டதும் கெட்டுவிடுவதால், மூடி முத்திரையிடாத சாதனத்தில் ஊசிமுனையளவு கரும்புள்ளிகள் முதலில் தோன்றி, மெல்ல விரிந்து, ஒளியை விழுங்கிவிடுகின்றன.