கேபிளைக் கழற்றிவிட்டு ஹைட்ராலிக் கிளட்ச் போட்ட அனுபவம்

பைக்கில் கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் போட்டால் லீவர் பஞ்சு மாதிரி ஆகிவிடும் என்று பலர் சொல்வார்கள். அந்த ஆசைக்காக மட்டும் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கிளட்ச் ஸ்பிரிங்குகளை அழுத்தத் தேவைப்படும் விசை இரண்டிலும் ஒன்றுதான். உறைக்குள் கேபிள் உரசுவதால் வீணாகும் விசை மட்டும் மிச்சமாகும். நல்ல கேபிள், சுருக்கென்ற வளைவு இல்லாத பாதை என்றால் அந்த மிச்சமும் கையில் பெரிதாகத் தெரியாது. ஹோண்டாவின் சிபிஆர்1000ஆர்ஆர் ஸ்போர்ட்ஸ் பைக் 2004-இல் ஹைட்ராலிக் கிளட்சோடு வந்தது; 2008 மாடலில் கேபிளுக்கே போய்விட்டது. கேபிள் ஒன்றும் ஏழைக்கான ஏற்பாடு இல்லை.

நான் மாற்றியதற்குக் காரணம் வேறு. என் வண்டியில் எஞ்சின் சூடேறினால் லீவரின் பிளே, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும்வரை லீவர் சும்மா ஆடும் தூரம், கூடிவிடும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது நியூட்ரல் விழாது. அட்ஜஸ்டரைத் திருகிச் சரிசெய்தால், எஞ்சின் ஆறியபிறகு பிளே துளியும் இருக்காது. ஹைட்ராலிக்கில் இந்தத் தொல்லை இல்லை. லீவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும்; எஞ்சின் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தால் கிளட்சை விலக்கும். லீவரை விடும்போதெல்லாம் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பின்னால் வந்து ஒரு சிறிய துளையைத் திறந்துவிடும். அந்தத் துளை வழியாகக் கூடுதல் எண்ணெய் மாஸ்டர் சிலிண்டரின் மேலுள்ள சிறு எண்ணெய் டேங்குக்குப் போகும், குறைந்தால் டேங்கிலிருந்து வரும். சூடோ தேய்மானமோ, அதுவே சரிசெய்துகொள்ளும்.

எனக்கு ஒரு வசதி இருந்தது. இதே எஞ்சின் வேறொரு மாடலில் ஹைட்ராலிக் கிளட்சோடு வந்திருக்கிறது. அதனால் சங்கிலிச் சக்கரத்தை மூடும் கவரும் ஸ்லேவ் சிலிண்டரும் துளை மாறாமல் அப்படியே உட்காரும். இப்படி இணை மாடல் இல்லாத வண்டிக்கு, கேபிள் இழுத்த அதே ரிலீஸ் ஆர்மை (கிளட்சை விலக்கும் கையை) இழுக்கிற ஸ்லேவ் சிலிண்டர் வேண்டும். மகுரா நிறுவனத்தின் ஹைமெக் கிட் அந்த வகை. அதில் மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். பிரேக்கில் ஊற்றும் டாட் 4 எண்ணெயை ஊற்றினால் சீல்கள் கெட்டுப்போகும். டாட் 4-க்கான சிலிண்டரில் மினரல் ஆயில் ஊற்றினாலும் அதே கதிதான்.

பாகம் வாங்குவதற்கு முன் ஒரு எண் கையில் இருக்க வேண்டும்: லீவரை முழுதாகப் பிடித்தால், கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் எவ்வளவு விலகுகிறது? கிளட்ச் கவரைக் கழற்றி, பிரஷர் பிளேட்டின் மேல் டயல் கேஜ் (சிறு நகர்வை அளக்கும் முள் கருவி) வைத்துப் பார்த்தேன். கேபிளைச் சரியாக அட்ஜஸ்ட் செய்த நிலையில் 1.8 மி.மீ. வந்தது. இத்தனை இரும்பும் கேபிளும் கைவிசையும் சேர்ந்து கடைசியில் செய்கிற வேலை இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. புதிய அமைப்பு அதற்குக் குறையாமல் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு எளிது. ஸ்லேவ் பிஸ்டனின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, மாஸ்டர் பிஸ்டனின் விட்டத்தையும் அப்படியே பெருக்கி, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். என் ஸ்லேவ் 32 மி.மீ. மாஸ்டர் 14 மி.மீ. என்றால் 1024-ஐ 196-ஆல் வகுக்க, 5.2. மாஸ்டர் பிஸ்டன் நகர்வது 11 மி.மீ.; அந்தச் சிறிய துளை மூடும்வரை முதல் ஒரு மில்லிமீட்டர் வீணாகும். மீதி 10-ஐ 5.2-ஆல் வகுத்தால் 1.9 மி.மீ. போதும். 12.7 மி.மீ. மாஸ்டர் போட்டால் விகிதம் 6.3, லீவர் ஏறத்தாழ 18 சதவீதம் லேசாகும், ஆனால் விலகல் 1.6 மி.மீ.க்குக் கீழே போய்விடும். பிளேட்டுகள் முழுதாகப் பிரியாது, நியூட்ரல் விழாத பழைய கதைதான். 16 மி.மீ. போட்டால் விலகல் 2.5 மி.மீ., பிடிக்க 30 சதவீதம் கூடுதல் விசை. லீவர் லேசாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், விலகல் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

14-ஐ எடுத்துக்கொண்டு அடுத்ததாக, பிரஷர் பிளேட்டைத் தள்ளும் கம்பியான புஷ் ராடைப் பார்த்தேன். யாரும் அதிகம் பேசாத விஷயம் இது. கேபிள் அமைப்பில் பிளே இருப்பதால், லீவரைப் பிடிக்காதபோது ராடின் மேல் அழுத்தம் இருக்காது. ஹைட்ராலிக்கில் ஸ்லேவ் பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் ராடை எப்போதும் தொட்டுக்கொண்டே இருக்க வைக்கும். ஆகவே பிரஷர் பிளேட் பக்கம் இருக்கும் ரிலீஸ் பேரிங் நல்ல நிலையில் இருக்க வேண்டும். என்னுடையது லேசாகச் சொரசொரத்தது, மாற்றிவிட்டேன்.

ராடின் நீளமும் முக்கியம். கிளட்ச் பிளேட் தேயத் தேய, ராட் ஸ்லேவ் பக்கமாக வெளியே வரும். பிஸ்டன் பின்வாங்க இடம் இல்லையென்றால் ஒருநாள் அது அடியில் முட்டி நிற்கும், கிளட்ச் ஸ்லிப் ஆகும். ஹைட்ராலிக் மாடலின் ராடையே வாங்கி, ராடின் முனை எங்கே நிற்கிறது, பிஸ்டன் எங்கே உட்காரும் என்று இரண்டையும் வெர்னியரில் அளந்து, பின்னால் சில மில்லிமீட்டர் இடம் இருப்பதை உறுதிசெய்துகொண்டேன். கை வைத்தது வைத்தாகிவிட்டது என்று ராட் வெளியே வரும் இடத்தின் ஆயில் சீலையும் மாற்றினேன்.

பொருத்துவதில் சொல்ல அதிகம் இல்லை. ஹோஸ் இழுத்த பிறகு ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, எங்கும் இழுபடவில்லை, சைலன்ஸர் குழாயைத் தொடவில்லை என்று பார்த்தால் போதும். ஹோஸை சிலிண்டரோடு இணைக்கும், நடுவில் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டுக்கு வாஷர் புதிதாக இருக்கட்டும். பழைய லீவரில் இருந்த கிளட்ச் சுவிட்சை மறந்துவிடாதீர்கள். அது இல்லாமல் சில வண்டிகள் கியரில் ஸ்டார்ட் ஆகாது. டாட் 4 பெயின்ட்டைத் தின்றுவிடும், அதனால் பெட்ரோல் டேங்கின் மேல் தடிமனான துணி விரித்தேன். சிந்தினால் கழுவ, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் இருந்தது.

ஏர் எடுப்பதுதான், அதாவது எண்ணெய்ப் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதுதான், பொறுமையைச் சோதிக்கும். லீவரை அடித்து அடித்து மேலிருந்து கீழே எண்ணெயை அனுப்பினால், காற்று மேலே வரப் பார்க்கும், எண்ணெய் அதைக் கீழே தள்ளும். ஹோஸில் பாதிவழியில் இரண்டும் நின்றுகொள்ளும். ஆகவே தலைகீழாகச் செய்தேன். பெரிய ஊசிக்குழலில் டாட் 4 நிரப்பி, சிறு குழாயால் ஸ்லேவின் பிளீட் நிப்பிளில் (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகில்) இணைத்து, மெதுவாகக் கீழிருந்து மேலே ஏற்றினேன். மாஸ்டரின் மூடியைத் திறந்துவைத்துப் பார்த்தால் குமிழிகள் வரிசையாக வருவது தெரியும். டேங்க் நிரம்பி வழியாமல் இன்னொரு ஊசிக்குழலால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஸ்லேவை எஞ்சினில் பூட்டாமல் லீவரைப் பிடித்தால் பிஸ்டன் துள்ளி வெளியே வந்துவிடும், ஜாக்கிரதை.

மிச்சக் காற்று பெரும்பாலும் மாஸ்டர் பக்கத்துப் பேன்ஜோவில் ஒளிந்திருக்கும். ஹேண்டிலைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டரை மேலான இடத்துக்குக் கொண்டுவந்து, போல்ட்டைத் துணியால் சுற்றி, லீவரைப் பிடித்தபடியே கொஞ்சம் தளர்த்தி, உடனே இறுக்கினேன். பிசுக்கென்று கடைசிக் காற்று வந்தது. அதன்பின் லீவரைப் பட்டையால் கட்டி இரவு முழுக்க விட்டேன். காலையில் அவிழ்த்து டேங்கைப் பார்க்க, சின்னச் சின்னக் குமிழிகள் மேலே வந்திருந்தன. டயல் கேஜை மறுபடி வைத்தேன்: 1.9. கணக்கு பொய் சொல்லவில்லை.

லீவர் முன்பைவிடக் கொஞ்சம்தான் லேசு. ஆனால் கிளட்ச் பிடிக்கும் இடம் சூட்டிலும் குளிரிலும் ஒரே இடத்தில் நிற்கிறது, நெரிசலில் நியூட்ரல் ஒரே தட்டில் விழுகிறது. கேபிளில் கையில் தெரியும் அந்த உணர்வு கொஞ்சம் மங்கித்தான் போயிருக்கிறது, மறுக்கவில்லை.

பராமரிப்பு என்று பார்த்தால், டாட் 4 காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. ஸ்லேவ் சங்கிலிச் சக்கரத்தின் பக்கத்தில் இருப்பதால் கிரீஸும் தூசியும் அப்பிக்கொண்டு சீலைக் கெடுக்கும், சங்கிலியைக் கழுவும்போது அதையும் துடைத்துவிடுங்கள். அப்புறம், பிரேக் பழக்கத்தில் டேங்கை விளிம்புவரை நிரப்பாதீர்கள். பிரேக்கில் பேட் தேய எண்ணெய் மட்டம் இறங்கும். கிளட்ச்சில் பிளேட் தேயத் தேய ஸ்லேவ் பிஸ்டன் பின்னால் வந்து எண்ணெயை மேலே தள்ளும், மட்டம் ஏறும். கிளட்ச் டேங்கில் மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். முதலில் ஸ்லேவைக் கழற்றிப் பாருங்கள்.