வெளிக்கிட்டியா?

வட நோர்வேயில் இருக்கிற ட்ரொம்சோவில் நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்ப எழும்பும். சுற்றிவர மலை என்பதால் ஊருக்குள் அதன் முகம் தெரிய ஜனவரி 21 ஆகிவிடும். யாழ்ப்பாணத்தில் வெயிலுக்குக் குடை பிடித்துத் திரிந்த எனக்கு இது வந்து இருந்த பிறகுதான் விளங்கியது.

முதல் குளிர்காலத்திலேயே அடிமேல் அடி. டிசம்பர் தொடக்கத்தில் பஸ் தரிப்பிடத்தில் சறுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை மாவுக்கட்டு. துப்புரவு வேலை தற்காலிகமானது, அதுவும் போயிற்று. அடுத்த கிழமை நொஸ்க், அதாவது நோர்வே மொழிச் சோதனை முடிவு வந்தது. வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் பி1 நிலை. எழுத்தில் மட்டும் அதற்குக் கீழான ஏ2.

திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுத்தே கிடந்தேன். அம்மா போன் எடுத்தால் சுகமாய் இருக்கிறேன் என்று பொய் சொன்னேன்.

அப்போதுதான் அக்கா எடுக்கத் தொடங்கினார். எண்பதுகளில் நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த நம் ஆட்களில் ஒருவர், தூரத்துச் சொந்தம். ஆறுதல் ஒன்றும் சொல்லமாட்டார். தினமும் பதினொரு மணிக்கு ஒரே கேள்வி: "வெளிக்கிட்டியா?"

கை முறிந்திருக்கிறது அக்கா என்றேன். "நடக்கிறது காலாலதானே பிள்ளை."

சப்பாத்தின் அடியில் மாட்டுகிற முள்ளுப் பட்டியை இங்கே புரொடர் என்பார்கள். ஒரு கையால் அதை மாட்டுவது லேசில்லை. படியில் குந்தி, ரப்பரை நுனியில் கொளுவி, குதிக்காலை ஊன்றி இழுக்கவேண்டும். பாதியில் தெறித்துப் போகும். முதல் நாள் கால் மணி நேரம் எடுத்தது, அழுகையும் வந்தது. ஒரு கிழமையில் கை பழகிவிட்டது.

வெளியே வந்த பிறகுதான், துருவ இரவு என்றால் ஒரேயடியாக இருட்டு இல்லை என்று கண்டேன். மத்தியானத்தை ஒட்டி இரண்டு மூன்று மணி நேரம் வானமும் பனியும் நீலமாகக் கிடக்கும். பாலத்துக்கு அக்கரையில் இருக்கிற முக்கோணத் தேவாலயம்கூட நீலம். யன்னலுக்கு யன்னல் காகித நட்சத்திர விளக்கு. இவ்வளவு நாளும் இதற்குத்தான் திரையை மூடி வைத்திருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அன்று கண்டதை நொஸ்க்கில் ஐந்து வரி எழுதுவேன். சோதனையின் நான்கு பகுதிகளும் தனித்தனி, எழுத்தை மட்டும் திரும்ப எடுத்தால் போதும். அக்காவின் மகள் பிழை திருத்தித் தருவாள். காலையில் ஒரு கரண்டி மீனெண்ணெயும் சேர்ந்துகொண்டது. பெயரில் 'ர்' வருகிற மாதமெல்லாம் அதைக் குடிக்கவேண்டும் என்பது இந்த நாட்டு வழக்கம். நடக்கப் போகாத நாட்களும் இருந்தன. அன்றைக்கு அக்கா ஏசவில்லை. அடுத்த நாள் பதினொரு மணிக்கு அதே கேள்விதான்.

ஜனவரி 21 அன்று மாவுக்கட்டு கழற்றிய கையோடு அக்காவுடன் பாலத்தடிக்குப் போனேன். ஊரே சூரியனைப் பார்க்க நின்றது, ஆனால் முகில் மூடியிருந்தது. அந்த நாளுக்கென்று விற்கிற, ஜாம் வைத்த சூரிய பணிசை அக்கா வாங்கித் தந்தார். சீனி ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டு, "சரி, நாளைக்கும் பதினொண்டுக்கு," என்றார்.